மீன் குளத்துத் தண்ணீர் பச்சையாகவே இருக்கிறது, என்ன செய்யலாம்?

லாசுப்பேட்டை வாசி:
வீட்டு முன்புறம் 8 அடி நீளம், 5 அடி அகலம், 2 அடி ஆழத்தில் சிமென்ட் குளம். அதில் ஒரு டஜன் கோய் (அலங்காரக் கெண்டை) மீன்கள். நாள் முழுக்க வெயில். பங்குனி பிறந்ததிலிருந்து முழங்கை வரை கையை விட்டால் விரல் தெரியவில்லை. மொத்தத்தையும் இறைத்து, சுவரைத் தேய்த்துக் கழுவி, போர் தண்ணீர் விட்டாலும் பத்து நாளில் பழைய கதைதான். கடையில் மயில்துத்தம் (செம்பு உப்பு) போடச் சொல்கிறார்கள். மாமியார், கலங்கல் தண்ணீரைத் தெளிய வைக்கும் தேத்தாங்கொட்டை என்கிறார். எது சரி?

கடலூர் அல்லிக்காரர்:
மயில்துத்தம் வேண்டவே வேண்டாம். செம்பு கொஞ்சம் கூடினாலும் மீனின் செவுள் போய்விடும். அளவாகப் போட்டாலும், பாசி ஒரேயடியாகச் செத்து அழுகும்போது தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடும். விடியற்காலையில் மீனெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும்.

முத்தியால்பேட்டை அக்கா:
தேத்தாங்கொட்டை மண் கலங்கலுக்குத்தான். கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் பிடித்து ராத்திரி முழுக்க அசையாமல் வையுங்கள். அடியில் வண்டல் படிந்து மேலே தெளிந்தால் அது மண். காலையிலும் அதே பச்சை என்றால் மிதக்கும் பாசி. கொட்டை அதைக் கொஞ்சம் படிய வைத்தாலும், பாசிக்கான சாப்பாடு தண்ணீரிலேயேதான் இருக்கும்.

கடலூர் அல்லிக்காரர்:
அக்கா சொன்னதுதான் விஷயம். உங்கள் குளம் 80 கன அடி, சுமார் 2,250 லிட்டர். ஒரு டஜன் கோய் வளர வளர அது போதவே போதாது. பாதியை யாருக்காவது கொடுத்துவிடுங்கள். மீன் கழிவும் மிச்சத் தீனியும் அம்மோனியாவாகும். சுவரிலும் கல்லிலும் ஒட்டி வாழும் பாக்டீரியா அதை நைட்ரேட்டாக மாற்றும். பாசிக்கு இரண்டுமே விருந்து. நீங்கள் தேய்த்துக் கழுவும்போது அந்த பாக்டீரியாவும் போய்விடுகிறது. சுவரில் மெல்லிசாகப் படியும் பாசியை விட்டுவிடுங்கள், அதுவும் சத்தை உறிஞ்சும்.

தீனி ஒரு வேளை போதும், இரண்டு மூன்று நிமிஷத்தில் தின்று முடிக்கும் அளவு. தண்ணீர்ப் பரப்பில் பாதிக்கு மேல் நிழல் வேண்டும். அல்லியைத் தொட்டியில் நட்டு, மண்மேல் கூழாங்கல் பரப்பி இறக்குங்கள். இல்லாவிட்டால் கோய் கிளறிவிடும். பம்ப் தண்ணீரை ஒரு டிரம்மில் ஜல்லி, நைலான் வலை வழியாக விட்டு, இரவு பகல் ஓடவிடுங்கள். அதுதான் ஃபில்டர். அதில் பாக்டீரியா குடியேற ஒன்றரை மாதம் ஆகும், பொறுங்கள்.

முத்தியால்பேட்டை அக்கா:
வெங்காயத்தாமரையும் சத்தை நன்றாக இழுக்கும். ஆனால் பெருகியதை எருக்குழியில்தான் போட வேண்டும். வாய்க்காலில் வீசினால் ஏரி வரை போய் அடைத்துக்கொள்ளும்.

லாசுப்பேட்டை வாசி:
யூவி (புற ஊதா) விளக்கு பலன் தருமா? எங்கள் போர் தண்ணீர் லேசாக உப்பு. வற்றும்போது ஊற்றிக்கொண்டே இருந்தால் போதுமா?

கடலூர் அல்லிக்காரர்:
விளக்கு மிதக்கும் பாசியைத் திரள வைக்கும், ஃபில்டர் பிடித்துக்கொள்ளும். நூல்பாசிக்கு அது உதவாது. குச்சியில் சுற்றி எடுக்க வேண்டியதுதான். வற்ற வற்ற ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும். வாரம் ஒருமுறை ஐந்தில் ஒரு பங்கை இறைத்து வாழைக்கு விடுங்கள், நல்ல உரம். பதிலுக்கு நல்ல தண்ணீர் ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீராக இருந்தால் குளோரின் போக வாயகன்ற டப்பில் ஒரு நாள் திறந்து வைத்து, அப்புறம் விடுங்கள்.