அப்பாவுக்கு சிலோஸ்டசால் கொடுத்து மூன்று வாரம்: கால்வலி அப்படியே இருக்கிறது, தலைவலி சேர்ந்துகொண்டது

மூன்றாம்கம்பம்:

வணக்கம். அப்பாவுக்கு 67 வயது. சர்க்கரை வந்து 16 வருஷம் ஆகிறது. ஒரு வருஷமாகவே நடந்தால் இடது கெண்டைக்கால் பிடிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். வாசலிலிருந்து மூன்றாவது மின்கம்பம் வரை ஒழுங்காகப் போவார். அங்கே கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார், கெஞ்சினாலும் ஓரடி எடுத்து வைக்க மாட்டார். இரண்டு நிமிஷம் நின்றால் வலி போய்விடும். மறுபடி மூன்று கம்பம், மறுபடி நிற்பது. வயசானால் இப்படித்தான் என்று நாங்களும் விட்டுவிட்டோம். (என் தப்புதான்.)

போன மாதம் ரத்தக்குழாய் டாக்டரிடம் காட்டினோம். கையிலும் கணுக்காலிலும் பிரஷர் எடுத்துப் பார்த்து, இடது காலுக்கு 0.68 என்று எழுதினார். தொடைப் பக்கம் ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கிறது, இப்போதைக்கு ஆபரேஷன் தேவையில்லை, மாத்திரையும் நடையும் போதும் என்றார். சிலோஸ்டசால் 100, காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று.

மூன்று வாரம் ஆகிறது. கம்பம் அதே கம்பம்தான். கூடவே தினமும் தலைவலி, மாத்திரை போட்ட கொஞ்ச நேரத்தில் நெஞ்சு படபடவென்று அடிக்கிறதாம். நேற்றிலிருந்து போட மாட்டேன் என்கிறார். நடக்கச் சொன்னால், "ரத்தம் ஓட வைக்கத்தானே மாத்திரை? அது ஓட வைத்த பிறகு நான் நடக்கிறேன்" என்று பதில்.

சிலோஸ்டசாலை நிறுத்தலாமா? பென்டாக்சிஃபிலின் நல்லது என்று உறவினர் ஒருவர் சொல்கிறார், மாற்றலாமா? வலிக்க வலிக்க நடந்தால் கால் கெட்டுப்போகாதா?

—

கவுண்டருக்குப்பின்:

மருந்துக் கடையில் இருக்கிறேன். பதில் சொல்வதற்கு முன் மூன்று விஷயம் தெரிய வேண்டும். வேறு என்னென்ன மாத்திரை போடுகிறார்? ஒன்று விடாமல் எழுதுங்கள். இதை எப்போது போடுகிறார், சாப்பிடும் முன்பா பின்பா? இதயத்துக்கு எக்கோ எடுத்துப் பார்த்திருக்கிறதா?

—

மிதிகட்டை:

தம்பி, உங்க அப்பா பிடித்து நிற்கிற கம்பத்தை நானும் பிடித்து நின்றவன். நான் தையல்காரன், முப்பத்தைந்து வருஷம் மிஷின் மிதித்த கால். கெண்டைக்கால் பிடித்தபோது மிதித்து மிதித்து வந்த வலி என்று நினைத்து, எண்ணெய் தேய்த்தே ஒன்றரை வருஷம் ஓட்டினேன். ஒருநாள் குளித்துவிட்டுத் துடைக்கும்போதுதான் கவனித்தேன், வலது முழங்காலுக்குக் கீழே முடியே இல்லை. மழித்து விட்ட மாதிரி வழவழவென்று இருக்கிறது. இடது காலில் முடி இருக்கிறது. புறங்கையை வைத்துப் பார்த்தால் வலது பாதம் மட்டும் ஜில்லென்று. அப்புறம்தான் டாக்டரிடம் போனேன். எனக்கு 0.62 வந்தது. கணுக்கால் பிரஷரைக் கை பிரஷரால் வகுத்து வரும் கணக்கு அது. 1-ஐ ஒட்டி இருக்க வேண்டியது, 0.9-உம் அதற்குக் கீழும் வந்தால் அடைப்பு என்று அர்த்தம்.

தலைவலிக்கு வருகிறேன். முதல் பத்து நாள் எனக்கும் நெற்றிப்பொட்டு தெறித்தது. மாத்திரை ரத்தக்குழாயை விரிக்கிறது. காலில் மட்டும் விரி என்று அதனிடம் சொல்ல முடியுமா? தலையிலும்தான் விரிக்கும். நானாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொன்னேன். 50 ஆகக் குறைத்து, இரண்டு வாரம் கழித்து மறுபடி 100 ஆக்கினார். அதற்கப்புறம் தலைவலி இல்லை.

மூன்று வாரத்தில் பலன் தெரியவில்லை என்று கைவிட வேண்டாம். சிலருக்கு இரண்டு, நான்கு வாரத்தில் தெரியும், சிலருக்குப் பன்னிரண்டு வாரம் ஆகும் என்று எனக்கு முதல் நாளே சொல்லிவிட்டார்கள். மூன்று மாதம் போட்டும் நடக்கும் தூரம் கூடவில்லை என்றால் அப்போது நிறுத்திவிடலாம் என்றும் சொன்னார்கள். எனக்கு ஆறாவது வாரத்தில்தான் ஏதோ வித்தியாசம் தெரிந்தது.

ஆனால் ஒன்று, அப்பாவிடம் நேராகவே சொல்லிவிடுங்கள். இந்த மாத்திரை அடைப்பைக் கரைக்காது. நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன், குழாய்க்குள் ஆசிட் ஊற்றின மாதிரி என்று. டாக்டர் சிரித்துவிட்டார். குழாயைக் கொஞ்சம் விரிக்கும், ரத்தத் தட்டுகள் ஒட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். காலைத் தேற்றுவது நடைதான். அதையும் நம் இஷ்டத்துக்கு நடந்தால் பலன் இல்லை. எனக்குச் சொல்லித்தந்த முறை இது: வலி எட்டிப் பார்த்த உடனே நிற்கக் கூடாது. வலி நன்றாக ஏறும் வரை நடந்து, அப்புறம் நிற்க வேண்டும். முழுசாகப் போன பிறகு மறுபடி நடக்க வேண்டும். ஒரு தடவைக்கு முப்பது முதல் நாற்பத்தைந்து நிமிஷம், வாரத்துக்கு மூன்று நாளாவது, பன்னிரண்டு வாரம். அந்த மாதிரி வலிக்க நடப்பதால் கால் கெடாது. தசை இருக்கிற ரத்தத்தை வைத்தே வேலை செய்யப் பழகிக்கொள்ளும்.

நான் அடிகளை எண்ணினேன். முதல் நாள் 140 அடியில் நின்றேன். தினமும் திரும்பி வந்து, துணியில் கோடு போடும் சாக்கால் சுவரில் எண்ணை எழுதி வைப்பேன். 140, 135, 150, 150, 120 (அன்று மழை, அவசரமாக நடந்துவிட்டேன்). மூன்று மாதம் முடிந்தபோது 390. இதில் மாத்திரைக்கு எவ்வளவு, நடைக்கு எவ்வளவு, சிகரெட்டை விட்டதற்கு எவ்வளவு என்று பங்கு பிரிக்க எனக்குத் தெரியாது. சிகரெட்டைத்தான் கடைசியாக விட்டேன். முதலில் விட்டிருக்க வேண்டியது அதைத்தான். அப்பா புகைப்பாரா? நீங்கள் எழுதவில்லை.

—

மூன்றாம்கம்பம்:

ஐயா, மிகவும் நன்றி. புகையை விட்டு எட்டு வருஷம் ஆகிறது. மருந்தாளுநர் கேட்டதற்கு: மெட்ஃபார்மின், கிளிமெபிரைடு, ஆஸ்பிரின் 75, அடோர்வாஸ்டாடின் 40, வயிற்றெரிச்சலுக்கு ஒமெப்ரசோல். எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் போட்டு, சாப்பாட்டோடு சேர்த்து விழுங்குவார். போன வருஷம் எக்கோ எடுத்தோம். இதயம் நன்றாக இருக்கிறது என்றுதான் அப்போது சொன்னார்கள்.

—

கவுண்டருக்குப்பின்:

எக்கோவை எதற்குக் கேட்டேன் என்றால், இதயச் செயலிழப்பு லேசாக இருந்தாலும் சிலோஸ்டசால் கொடுக்கக் கூடாது. இதே மாதிரி வேலை செய்யும் வேறு மருந்துகள் இதயம் பலவீனமானவர்களின் ஆயுளைக் குறைத்தன. அதனால்தான் இதற்கும் அந்த எச்சரிக்கை. அப்பாவுக்கு மூச்சு வாங்குவது, பாதம் வீங்குவது என்று ஏதாவது புதிதாக வந்தால் காத்திருக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். படபடப்பையும் இப்போதே சொல்லிவிடுங்கள்.

நீங்கள் எழுதியதில் இரண்டு இடம் எனக்கு உறுத்துகிறது. ஒன்று, சாப்பாட்டோடு போடுவது. சிலோஸ்டசாலைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்போ, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தோதான் போட வேண்டும். கொழுப்பு நிறைந்த சாப்பாட்டோடு போனால் ரத்தத்தில் ஏறும் உச்ச அளவு இரண்டு மடங்குக்குப் பக்கத்தில் போய்விடும். தலைவலிக்கும் படபடப்புக்கும் வேறு காரணம் தேட வேண்டாம் போல இருக்கிறது. மெட்ஃபார்மினைச் சாப்பாட்டோடு போடுகிறவர்கள் பழக்கத்தில் இதையும் சேர்த்து விழுங்கிவிடுவார்கள், கடையில் அடிக்கடி பார்க்கிறேன்.

இன்னொன்று ஒமெப்ரசோல். சிலோஸ்டசாலை உடம்பு கரைத்து வெளியேற்றும் வழியை அது தடுக்கிறது. இரண்டும் ஒன்றாக இருந்தால் சிலோஸ்டசாலை 50 ஆகக் குறைப்பதுதான் முறை. டில்டியாசெம், எரித்ரோமைசின், சில பூஞ்சை மாத்திரைகளுக்கும் இதே கதைதான். நீங்களாக உடைத்துக் கொடுக்க வேண்டாம். மருந்து எழுதிய டாக்டரிடம் "ஒமெப்ரசோலும் போடுகிறார்" என்று சொன்னால் போதும், அளவைக் குறைப்பாரா, வயிற்று மாத்திரையை மாற்றுவாரா என்று அவர் முடிவு செய்வார். அந்த ஒமெப்ரசோல் வேறு யாரோ எப்போதோ எழுதியதாக இருக்கும். புது டாக்டரிடம் சீட்டைக் காட்டியிருக்க மாட்டீர்கள்.

பென்டாக்சிஃபிலின் பழைய மருந்து. அமெரிக்காவில் 1984-லேயே வந்துவிட்டது. சிலோஸ்டசால் அங்கே வந்தது 1999-ல். சிவப்பணுக்களை வளைந்து கொடுக்க வைத்து, குறுகிய இடத்திலும் ரத்தத்தை ஓட வைக்கும் என்பது அதன் கணக்கு. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் நடக்கும் தூரம் கூடவில்லை. இந்த வலிக்கு அதனால் பலன் இல்லை என்று 2016-ல் அமெரிக்க இதய மருத்துவர்களின் வழிகாட்டுதலே சொல்லிவிட்டது. உறவினர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார்.

ஆஸ்பிரினையும் அடோர்வாஸ்டாடினையும் எக்காரணம் கொண்டும் அவராக நிறுத்தக் கூடாது. அப்பா கவனமெல்லாம் ரத்தம் ஓட வைக்கிற மாத்திரையில் இருக்கிறது. காலில் அடைத்தவருக்கு இதயத்திலும் மூளையிலும் அடைக்க வாய்ப்பு அதிகம், அதைத் தடுப்பது இந்த இரண்டும்தான். இனி யாராவது குளோபிடோகிரல் (ஆஸ்பிரின் மாதிரியே ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மருந்து) சேர்த்து எழுதினால், சிலோஸ்டசால் போடுவதைச் சொல்லுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க ஏற்கெனவே இரண்டு மருந்து போடுகிறவருக்கு இதைக் கொடுக்கக் கூடாது என்று 2013-லேயே ஐரோப்பிய மருந்து முகமை சொல்லிவிட்டது. பல் பிடுங்குவதாக இருந்தாலும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

—

வெந்நீர்ப்பை:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் மாமியாருக்கும் சர்க்கரையும் கால் அடைப்பும் சேர்ந்து இருந்தது. பாதம் ஜில்லென்று இருக்கிறதே என்று ராத்திரி வெந்நீர்ப் பை வைத்தேன். உணர்ச்சி குறைந்த கால், சுட்டது அவருக்குத் தெரியவே இல்லை. காலையில் கொப்புளம். ரத்தம் போகாத காலில் அந்தப் புண் ஆற நாலரை மாதம் ஆனது. கனமான காலுறை போதும், சூடு வைக்காதீர்கள். நரம்பு சுருட்டலுக்குப் போடும் இறுக்கமான காலுறையும் டாக்டரைக் கேட்காமல் கூடாது, அது வேறு வியாதி. தினமும் விரல் இடுக்கைப் பாருங்கள். படுத்தால் பாதம் வலிக்கிறது, தொங்கப் போட்டால் சரியாகிறது என்றோ, விரல் கறுக்கிறது என்றோ சொன்னால் அன்றே டாக்டரிடம் போங்கள். திடீரென்று கால் வெளுத்து, ஜில்லென்று மரத்துப் போனால் நேரே அவசரப் பிரிவுக்கு. அதற்குச் சில மணி நேரம்தான் கெடு.

—

மூன்றாம்கம்பம்:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். அன்றைக்கே டாக்டருக்குப் போன் செய்தேன். ஒமெப்ரசோல் என்றதும், "அது எனக்குத் தெரியாதே" என்றார். நான் சீட்டைக் காட்டவில்லைதான். சிலோஸ்டசாலை 50 ஆக்கிவிட்டார். படபடப்புக்காக நேரில் வரச்சொல்லி இசிஜி எடுத்தார், சரியாக இருக்கிறது. காலையில் எழுந்து முகம் கழுவியதும் ஒன்று, ராத்திரிச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு ஒன்று என்று தனி டப்பாவில் வைத்துவிட்டேன். நான்காம் நாளிலிருந்து தலைவலி இல்லை.

மிதிகட்டை ஐயா எழுதியதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். ஆசிட் ஊற்றுகிற இடத்தில் ஒன்றும் பேசவில்லை. 390 வந்ததும், "அந்த ஆளுக்கு எத்தனை வயசு?" என்று கேட்டார். ஐயா, சொல்லிவிடுங்கள், தினமும் கேட்கிறார்.

கம்பம் இன்னும் மூன்றாவதுதான். ஆனால் நேற்று அதைப் பிடிக்காமல் பக்கத்தில் நின்றார்.

—

மிதிகட்டை:

71. அவரைவிட நாலு வயது மூத்தவன் என்று சொல்லுங்கள்.