பிராய்லர் கோழி தின்னா சீக்கிரம் வயசுக்கு வருவாங்களா?

நெல்லைக்காரி:
நேத்து இங்க ஒருத்தர் எழுதியிருக்காரு, தனிக்குடித்தனத்துப் பிள்ளைங்க யார்ட்டயும் பேசிப் பழகாததுக்கும், பொம்பளப் பிள்ளைங்க 10 வயசுலயே பெரியமனுசி ஆவுறதுக்கும் பிராய்லர் கோழிதான் காரணமாம், கூட்டுக்குடும்பமா நாட்டுக்கோழி தின்ன காலத்துல எல்லாம் ஒழுங்கா இருந்துச்சாம். கோழிக்கு ஹார்மோன் ஊசி போடுதாங்களாம். ஒரு ஷெட்டுல 5,000 கோழி நிக்கும், ஒவ்வொண்ணா பிடிச்சு ஊசி போட ஆளுக்கு எங்க போவாங்க? 40 நாள்ல 2 கிலோ வருதுன்னா அது ரகமும் தீவனமும். ஹார்மோன் இல்ல.

கொங்கு மைந்தன்:
எழுதுனது நான்தானுங்க. எங்க அப்பத்தா 15 வயசுல வயசுக்கு வந்தாங்க, எம்பட பொண்ணு 10ல. நடுவுல மாறுனது என்ன? சோறுதானுங்களே?

நெல்லைக்காரி:
சோறு மாறுனா கோழி மட்டுமா மாறுச்சு? நார்வேல 1800கள்ல 16, 17 வயசுல வந்தது 1950 வாக்குல 13 கிட்ட வந்துட்டு, அப்ப அங்க எந்த பிராய்லர்? பிள்ளைங்க வயித்துக்கு நல்லா சாப்ட்டு நோய் கொறைஞ்சா வயசு கொறையும். இப்ப உடம்புல கொழுப்பு கூடுனா இன்னும் கொறையுது, கொழுப்புலருந்து வர்ற லெப்டின்ங்கற ஹார்மோன் மூளைக்குத் தகவல் சொல்லும். அதத்தான் டாக்டருங்க சொல்லுதாங்க.

குரோம்பேட்டைவாசி:
அக்கா சொல்றது கரெக்ட். நாமக்கல் பிராய்லர்ல ஆன்டிபயாடிக் போடுறாங்க, அதைப் பேசுங்க.

கொங்கு மைந்தன்:
நாமக்கல் முட்டைக்குங்க தம்பி, பிராய்லருக்குப் பல்லடம். இது தெரியாதவங்கெல்லாம் கோழியப் பத்திப் பேச வந்துட்டீங்க. நார்வேக் கணக்கு எங்க ஊருக்கு எதுக்கு?

வைகைக்கரை:
1991ல பெல்ஸ்கின்னு ஒரு உளவியல் ஆராய்ச்சியாளரும் கூட ரெண்டு பேரும் அமெரிக்கால ஒரு கட்டுரை எழுதுனாங்க, வீட்டுல ஓயாத சண்டை, அப்பா கூட இல்லாத நெலமைன்னா பொண்ணுங்க சீக்கிரம் வயசுக்கு வரலாம்னு. குடும்பத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லன்னு சொல்லிட முடியாது.

கொங்கு மைந்தன்:
பாருங்க, நான் சொன்னதேதான்! கூட்டுக்குடும்பம்!

நெல்லைக்காரி:
அவரு சண்டைய சொல்லுதாரு, நீங்க கூட்டுக்குடும்பம்னு வாசிக்கீங்க. கூட்டுக்குடும்பத்துல சண்டையே கெடையாதா? போன மாசம் இங்க அரிசியப் பத்திப் பேசுனப்பவும் இப்படித்தான், பாதிய வாசிச்சுட்டு ஜெயிச்சேன்னு போயிட்டீங்க. நான் பாத்தத சொல்லுதேன். எங்க தெருவுல அஞ்சாம் வகுப்புப் பிள்ளை சடங்கானா. தாய்மாமன் ஓலை வெட்டிக் குச்சு கட்டுனாரு, பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் உளுந்தங்களியும் குடுத்தாங்க, மண்டபத்து வாசல்ல அவ படத்தோட பிளக்ஸ். ஸ்கூல்ல பசங்க அந்த பிளக்ஸ சொல்லியே கேலி பண்ணுனாங்க. அதுக்கப்புறம் பாண்டி ஆட விடல, சித்தப்பா பையனோட கேரம் ஆட விடல. ஒரே வீட்டுல 13 பேரு, பேச ஆளில்ல. அந்தப் பிள்ளை பேச்ச நிறுத்துனதுக்கு எந்தக் கோழி காரணம்?

கொங்கு மைந்தன்:
சீர் எங்க பண்பாடுங்க. தாய்மாமன் சீர இழிவா பேசாதீங்க.

நெல்லைக்காரி:
சீரப் பத்தி யாரு பேசுனா? பிளக்ஸ சொன்னேன்.

குரோம்பேட்டைவாசி:
மொய் வாங்கத்தான் பிளக்ஸே. எங்க சித்தி வீட்டுல மொய் நோட்டப் பாத்து ரெண்டு வருஷம் பேசல.

வைகைக்கரை:
பசங்கள யாருமே பேசலையே. குரல் உடையற வயசுல பேச பயந்து கிளாஸ்ல வாயே தெறக்காத பையனுங்க எத்தனை பேரு இருக்கானுங்க, வீட்டுலயும் அப்பாவே "என்னடா தகர டப்பா மாதிரி கத்துற"ம்பாரு.

கொங்கு மைந்தன்:
பசங்கள விடுங்க. ஊசி போடறதில்லைன்னு அக்கா எழுதிக் குடுப்பாங்களா?

நெல்லைக்காரி:
போடுதாங்கன்னு சொன்னது நீங்க. நீங்க காட்டுங்க. பல்லடம் உங்க ஊருப் பக்கந்தான, போயி ஒரு பண்ணையில ஊசிய போட்டோ எடுத்துப் போடுங்க, பாக்கேன்.

கொங்கு மைந்தன்:
பண்ணைக்குள்ள வெளியாள விடமாட்டாங்க, அதுலயே தெரியலீங்களா?

நெல்லைக்காரி:
கோழிக்கு நோய் ஒட்டிரும்னு விடமாட்டாங்க! ஊசி எங்க? முதல்ல அதுக்குப் பதில் சொல்லுங்க.