தாஜ் நடனக்கூடத்தில் வாசித்தவர்கள் எங்கே போனார்கள்?

கேள்வி (மாட்டுங்காவில் வளர்ந்தவள்):
என் தாத்தா 1950-களில் பம்பாய்க் கோட்டைப் பகுதியில் ஒரு கம்பெனியில் ஸ்டெனோகிராபராக இருந்தார். சனிக்கிழமை வேலை முடிந்ததும் அப்போலோ பந்தர் கடற்சுவரில் போய் உட்கார்ந்துவிடுவாராம். தாஜ் ஓட்டலுக்குள்ளிருந்து டிரம்பெட் ஒலி மிதந்து வருமாம். ஒருநாளும் அவர் உள்ளே போனதில்லை. ஆனால் அங்கே கேட்ட மெட்டுகளைக் கடைசிவரை சீட்டியடித்துக்கொண்டிருந்தார். வாசித்தவர்கள் யார்? பிறகு என்ன ஆனார்கள்?

பதில் 1 (பழைய இசைத்தட்டுகள் சேகரிப்பவர்):
அவர்கள் அமெரிக்கக் கறுப்பின ஜாஸ் கலைஞர்கள். 1935-இல் லியான் அபி தம் குழுவோடு பம்பாய்க்கு வந்தார். அடுத்து கிரிக்கெட் ஸ்மித், பியானோ கலைஞர் டெடி வெதர்ஃபோர்டு. வெதர்ஃபோர்டு 1945-இல் கல்கத்தாவில் இறந்துபோனார்.

பதில் 2 (ஓய்வுபெற்ற வயலின் கலைஞர்):
முன்னவர் சொன்னது 1930-களுக்குச் சரி. உங்கள் தாத்தா கேட்டது அவர்களை அல்ல அம்மா. 1939 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தாஜ் வாத்தியக் குழுவை நடத்தியவர் மிக்கி கொரியா. அவர் காலத்தில் பம்பாய் ஜாஸ் பெரும்பாலும் கோவாக்காரர்கள் கையில் இருந்தது. மாதா கோயில் பள்ளிகளில் சிறுவயதிலேயே மேற்கத்திய இசைக்குறிப்பைப் படிக்கக் கற்றவர்கள் அவர்கள்.

1970-களில் பம்பாய்த் திரைப்பட ஒலிப்பதிவுகளில் நான் வயலின் வாசித்தேன். கும்பகோணத்தில் கர்நாடக சங்கீதம் கற்று வந்தவன். எதிரே வைத்த தாளில் ஒரு புள்ளிகூடப் புரியாது. பக்கத்து நாற்காலியில் அறுபதை நெருங்கிய ஒரு கோவாக்காரர். ஒலிப்பதிவில் வயலின் வாசித்தாலும், இளமையில் ஓட்டல் நடனக்கூடங்களில் சாக்ஸபோன் வாசித்தவர். காலி சிகரெட் அட்டையைப் பிரித்து ஐந்து கோடு கிழித்து, "இது உன் ஸ, இது உன் ரி" என்று எனக்குக் கற்றுக்கொடுத்தார். அந்த அட்டைகள் இன்னும் என் வயலின் பெட்டியில் இருக்கின்றன.

நடனக்கூடத்தில் மேடையைவிடத் தரையைத்தான் கேட்க வேண்டும் என்பார். மரத்தரையில் நூறு ஜோடிச் செருப்புகள் தேயும் ஓசை தாளத்தோடு ஒட்டி வரவேண்டும். கொஞ்சம் பின்தங்கினால் ஆடுகிறவர்கள் களைத்துவிட்டார்கள் என்று பொருள். யாரும் சைகை காட்டாமலே குழு வேகத்தைத் தளர்த்தும்.

ஒலிப்பதிவு தொடங்குமுன் அவர் ஷூவைக் கழற்றிவிடுவார். காலால் தட்டினால் மைக் பிடித்துவிடும். அதனால் காலுறையோடு இடது பாதத்தை நாற்காலிக்கடியில் இழுப்பார்: மெதுவாக, மெதுவாக, சட்சட்டென்று இரண்டு. அதுதான் ஃபாக்ஸ்ட்ராட் என்ற ஜோடி நடனத்தின் நடை. எதிரே ஆட ஒருவரும் இல்லை, கண்ணாடிக்குப் பின்னால் ஒலிப்பதிவாளர் மட்டும். எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

ஏன் ஓட்டலை விட்டு வந்தார்கள் என்கிறீர்களா? வெள்ளைக்காரர்கள் கப்பலேறிவிட்டார்கள். 1949-இல் மதுவிலக்குச் சட்டம் வந்தது, இரவுகள் சுருங்கின. அதே சமயம் திரைப்படத்துக்குப் பெரிய வாத்தியக் குழு தேவைப்பட்டது, இசையமைப்பாளர் பாடிக்காட்டும் மெட்டைத் தாளில் எழுதித்தர ஆட்கள் தேவைப்பட்டார்கள். செபாஸ்டியன் டிசௌசா, அந்தோணி கோன்சால்வ்ஸ், ஃபிராங்க் ஃபெர்னாண்ட் அப்படி எழுதிக்கொடுத்தவர்கள். அவர்கள் பெயரை எத்தனை படங்களின் தொடக்கப் பெயர்ப் பட்டியலில் பார்த்திருக்கிறோம்? அந்த வருத்தம் எனக்கு ஆறவே இல்லை.

கேள்வி கேட்டவர்:
நன்றி ஐயா. அந்த ஒலியை இன்று எங்கே கேட்கலாம்?

பதில் (ஓய்வுபெற்ற வயலின் கலைஞர்):
1951-இல் வந்த 'அல்பேலா' பாடல்களை எடுத்துக்கொள்ளுங்கள். சி. ராமச்சந்திரா இசை. டிரம்பெட் கலைஞர் சிக் சாக்லேட் அவரோடு பணியாற்றிய படம். முதல் தடவை பாட்டைக் கேளுங்கள். இரண்டாம் தடவை பாடுகிறவர் மூச்சு வாங்கும் இடைவெளிகளை மட்டும் கவனியுங்கள்.

தாத்தாவின் சீட்டி மெட்டு உங்களுக்கு நினைவிருந்தால் ஸ்வரமாகவோ, பாடிப் பதிவுசெய்தோ இங்கே போடுங்கள். இரண்டு வரி போதும். என்ன பாட்டு என்று தேடிப் பார்க்கிறேன்.