பல்சர் 220 டிராக் எஞ்சின்: போரைக் கூட்டவா, ஸ்ட்ரோக்கைக் கூட்டவா?

குழித்துறை 220:
அண்ணன்மாரே, ஒரு முடிவெடுக்க உதவி வேண்டும். என்னிடம் கார்புரேட்டர் மாடல் பல்சர் 220 இருக்கிறது. இனி ரோட்டில் ஓட்டப் போவதில்லை, கால் மைல் டிராக்குக்கு மட்டும்தான். கம்பெனி அளவு போர் (சிலிண்டர் துளையின் விட்டம்) 67, ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் ஓடும் தூரம்) 62.4 மி.மீ. மார்த்தாண்டத்தில் ஒரு லேத்தில் 70 மி.மீ. பிஸ்டன் போடலாம் என்றார்கள். நாகர்கோவிலில் கிராங்க் வேலை செய்கிறவரோ, கிராங்க் பின்னை (பிஸ்டன் ராடு பூட்டும் பின்) 2 மி.மீ. வெளியே தள்ளி வைத்து, மேலே 2, கீழே 2 கூடி ஸ்ட்ரோக்கை 66.4 ஆக்கினால்தான் டார்க் (சுழற்றும் இழுவை) வரும் என்கிறார். கையில் இருக்கும் காசு ஒரு வேலைக்குத்தான் போதும். எதைச் செய்ய?

கோட்டாறு லேத்:
தம்பி, முதலில் எந்த வகுப்பில் ஓடப் போகிறாய் என்று சொல். டிராக் வகுப்புகளைச் சிசி வைத்துத்தான் பிரிக்கிறார்கள். 68 மி.மீ. பிஸ்டன் போட்டாலே 226 சிசியைத் தாண்டிவிடும். 70 போட்டால் 240. பின்னைத் தள்ளினால் 234. அந்த வருடத்து விதிப் புத்தகத்தைப் பார்க்காமல் லேத்துக்குப் போகாதே.

அடுத்தது ஆர்பிஎம். ஸ்ட்ரோக்கை மீட்டரில் எழுதி, இரண்டால் பெருக்கி, அதை ஆர்பிஎம்மால் பெருக்கி, 60-ஆல் வகுத்தால் பிஸ்டனின் சராசரி வேகம் வரும். உன் வண்டி முழு பவர் தருவது 8,500-இல். அங்கே நொடிக்கு 17.7 மீட்டர். டிராக்கில் 10,000 வரை இழுப்பாய், அப்போது 20.8. ஸ்ட்ரோக் 66.4 ஆனால் அதே 10,000-இல் 22.1. கம்பெனி ராடு, கம்பெனி பிஸ்டனை வைத்துக்கொண்டு அந்த வேகத்தில் தினமும் இழுக்க நான் சொல்லமாட்டேன். டியூக் 200-ஐப் பார்: போர் 72, ஸ்ட்ரோக் 49. 10,000-இல் 16.3 மீட்டர்தான். அதனால்தான் அது மேலே அவ்வளவு சுலபமாகச் சுற்றுகிறது.

தக்கலை ஆர்எக்ஸ்:
அண்ணே, மேலே சுற்றுவது சரி. ஆனால் டிராக்கில் ஸ்டார்ட்தானே பாதி ஓட்டம்? பழைய புல்லட் 350-இன் போர் 70, ஸ்ட்ரோக் 90. அந்தக் கீழ் இழுவை ஸ்ட்ரோக்கால் வந்ததுதானே?

கோட்டாறு லேத்:
இல்லை மக்கா. டார்க்கைத் தருவது சிசியும், சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் கிடைக்கிறது என்பதும்தான். ஸ்ட்ரோக் நீண்டால் கிராங்கின் கை நீளும், உண்மை. ஆனால் அதே சிசிக்குப் போர் சிறுத்துவிடுவதால் பிஸ்டன் மேல் விழும் தள்ளு குறையும், இரண்டும் சமமாகிவிடும். புல்லட்டுக்கு அந்த இழுவை 346 சிசியாலும், கனமான ஃப்ளைவீலாலும், கீழ் வேகத்துக்கு வைத்த கேமாலும் (வால்வைத் திறக்கும் தண்டு) வந்தது. இந்தத் தம்பிக்குப் போரைக் கூட்டினால் 240, ஸ்ட்ரோக்கைக் கூட்டினால் 234. டார்க்கும் போர் பக்கம்தான் கூடுதல். ஸ்டார்ட்டில் இழுவை போதாவிட்டால் பின் சக்கர ஸ்ப்ராக்கெட்டில் (செயின் ஓடும் பல்சக்கரம்) பல் கூட்டலாம். அதற்குக் கிராங்கைப் பிரிக்க வேண்டாம்.

போர் பெரிதானால் இன்னொரு லாபமும் உண்டு. வால்வுக்குப் பக்கத்தில் சிலிண்டர் சுவர் கொஞ்சம் விலகும், காற்று தடையில்லாமல் உள்ளே போகும். பெரிய இன்டேக் வால்வுக்கும் இடம் கிடைக்கும். ஆனால் ஹெட்டைத் தொடாமல் பிஸ்டனை மட்டும் பெரிதாக்கினால், பழைய போர்ட்டால் (ஹெட்டில் காற்று வரும் வழி) 240 சிசியை மேல் ஆர்பிஎம்மில் நிரப்ப முடியாது. காசில் ஒரு பங்கை அந்த வழியைப் பெரிதாக்கும் போர்ட்டிங்குக்கும் கேமுக்கும் வை.

குழித்துறை 220:
சரி அண்ணே, போர்தான். ஸ்லீவ் (சிலிண்டரின் உள் குழாய்) தாங்குமா?

கோட்டாறு லேத்:
அளந்தால்தான் தெரியும். ஆரத்தில் 1.5 மி.மீ. போகும். மிச்சச் சுவர் மெலிந்தால் சூட்டில் வட்டம் கெடும், ரிங் அடைக்காது, புகை வரும். அப்படியானால் தடித்த புது ஸ்லீவ் போட வேண்டும். ஸ்லீவின் வெளி அளவு கூடினால் கிராங்க்கேஸ் வாயையும் கடைய வேண்டியிருக்கும். அந்தச் செலவையும் முதலிலேயே கேட்டுக்கொள். ஹெட் பேக்கிங்கும் 70-க்கு மேல் துளை உள்ளதாக வேண்டும். கம்பெனி கம்ப்ரஷன் விகிதம் 9.5, ஹெட்டின் குழி அப்படியே இருந்தால் 10.3 பக்கம் வரும். நல்ல பெட்ரோலுக்குத் தாங்கும், ஆனால் தட்டுச் சத்தம் கேட்டால் உடனே இக்னிஷன் டைமிங்கைக் குறை.

தக்கலை ஆர்எக்ஸ்:
ஸ்ட்ரோக் வேலை செய்திருந்தால் இதைவிட வம்பு. பிஸ்டன் 2 மி.மீ. மேலே ஏறி வரும், சிலிண்டர் அடியில் ஸ்பேசர் தகடு போட வேண்டும், அதனால் கேம் செயின் டைமிங்கும் நகரும். இதை நான் முதலில் யோசிக்கவில்லை, அண்ணன் சொல்வதே சரி.

கோட்டாறு லேத்:
கார்புரேட்டர் ஜெட் (பெட்ரோல் வரும் துளை) செட்டிங்கை நம்ம ஊரிலேயே முடித்தாலும் சென்னைப் பக்கம் இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்குச் சரியாக இருக்கும், இரண்டு இடமும் கடல் மட்டத்துக்குப் பக்கம். கோயம்புத்தூர் டிராக் சுமார் 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே கொஞ்சம் சிறிய ஜெட் கையில் இருக்கட்டும். இழுத்துப் பார்க்க நான்கு வழிச்சாலைக்கு மட்டும் போய்விடாதே தம்பி, டைனோவில் (நிறுத்தி வைத்தே பவரை அளக்கும் மெஷின்) ஏற்றிப் பார்.

குழித்துறை 220:
போகமாட்டேன் அண்ணே. வியாழக்கிழமை பிளாக்கைக் கழற்றி ஸ்லீவ் சுவரை நான்கு இடத்தில் அளந்து இங்கே போடுகிறேன்.