‘ஸ்லோவா பட்சானா’ பார்க்கிறவங்க எங்கே தடுமாறுறாங்க?

சோவியத் காலத் தெருப் பையன்கள் கும்பல்களைப் பத்தின ரஷ்யத் தொடர் இது. மொத்தம் எட்டு எபிசோடு. 2023 நவம்பர் 9-ல ஆரம்பிச்சு டிசம்பர் 21-ல முடிஞ்சது. கடைசி எபிசோடு வெளியீட்டுக்கு முன்னாடியே கசிஞ்சு, முடிவை மறுபடி படம்பிடிச்சாங்க. அதனால ரெண்டு பேர் முடிவைப் பத்தி சண்டை போட்டா, ரெண்டு பேரும் வேற வேற பிரதி பார்த்திருக்கலாம்.

*

முடிவை விடுங்க, முதல் எபிசோடுலயே பாதிப் பேர் குழம்பிடுறாங்க. கும்பலுக்குள்ள வயசுதான் பதவி. அடிமட்டத்துல ‘ஸ்கொர்லுபா’, அதுக்கு மேல ‘சூப்பரா’, உச்சியில பெரியவங்க. சின்னவன் பெரியவன்கிட்ட எதிர்த்துப் பேச முடியாது. எந்தத் தெருக் கும்பலையும் சேராதவன் ‘சுஷ்பான்’. அவன்கிட்ட காசு பிடுங்கினா கேட்க நாதி கிடையாது. பியானோ படிக்கிற ஆந்திரேய், ‘யுனிவெர்சாம்’ கும்பல் பையன் மராத்துக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கப் போய் அந்தக் கும்பல்ல சேர்றதுக்கு இதுதான் காரணம். ரவுடித்தனத்து மேல ஆசைப்பட்டு இல்லை, தனியா நடமாட வழியில்லாம.

கும்பல்ல இருக்கிற பையன்தான் ‘பட்சான்’. ‘பட்சான் மன்னிப்பு கேட்க மாட்டான்’னு ஒரு விதி இருக்கு. பஞ்ச் டயலாக் மாதிரி அதைப் பரப்புறாங்க, எரிச்சலா இருக்கு. மராத்தோட காதலி அய்குல் கதையில இந்தச் சட்டத்தோட நிஜ முகம் தெரியும். எதிர்க் கும்பல்காரன் அவளைச் சீரழிக்கிறான். சட்டப்படி கறை அவன் மேல இல்லை, அவ மேல. அவகூட நிக்கிற மராத்துக்கும் சேர்த்துத்தான். அந்தப் பகுதியை ஓட்டிவிட்டுப் பார்த்தா மிச்சம் வெறும் அடிதடிதான்.

*

இடத்தைப் பத்தி ஒண்ணு. கதை நடக்கிறது ரஷ்யாவோட கசான் நகரத்துல, 1989 வாக்குல. ஆனா பெரும்பாலும் எடுத்தது யாரோஸ்லாவ்ல்ங்கிற வேற ரஷ்ய ஊர்ல. காட்சியை வச்சு கசான் தெருக்களைத் தேடினா கிடைக்காது. கசான்ல முதல்ல பேர் வாங்கின ‘தியாப்-லியாப்’ கும்பல் இந்தக் கதையைவிடப் பத்து வருஷம் மூத்தது. தெப்லோகன்ட்ரோல் தொழிற்சாலைப் பக்கத்துப் பையன்கள். 1978 ஆகஸ்ட்ல நோவோ-தத்தார்ஸ்கயா ஸ்லோபதாங்கிற கசான் பகுதிக்குள்ள புகுந்து கண்ணுல பட்டவங்களை எல்லாம் அடிச்சாங்க, 1980-ல வழக்கு நடந்தது. அந்தக் கும்பலோட கதைன்னு நினைச்சு இந்தத் தொடரைப் பார்க்காதீங்க.

*

ஆப்கானிஸ்தான்லேர்ந்து திரும்புற வோவாவை, மராத்தோட அண்ணனை, கவனிங்க. சோவியத் படை அங்கேர்ந்து வெளியேறினது 1989 பிப்ரவரி 15. போர்ல கத்துக்கிட்டதை அவன் தெருவுக்குக் கொண்டுவர்றான், அதோட சண்டை துப்பாக்கி வரைக்கும் போயிடுது. அப்புறம், தொடர்ல வந்து எல்லாரும் முணுமுணுக்கிற அந்த ‘பியலா’ ரஷ்ய மொழிப் பாட்டு இல்லை, தத்தார் மொழிப் பாட்டு. இந்தத் தொடருக்காகப் போட்டதும் இல்லை, 2020-லயே வந்தது. தொடர் 18+, பிள்ளைங்களோட உட்கார்ந்து பார்க்காதீங்க.