தரைக்குத் திமிசு, வயலுக்கு இறுக்கம்: ‘காம்பாக்‌ஷன்’ பற்றி

அனைவருக்கும் வணக்கம்.

பண்ணைக் கொட்டகைக்குள் டிராக்டரை வைத்து ஜல்லித் தரை போடும் முறையைத் தமிழில் எழுதுகிற நண்பர், சில ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ் கேட்டு இங்கே எழுதியிருந்தார். அவற்றில் பலவும் முடிந்துவிட்டன. டிராக்டருக்குப் பின்னால் மாட்டி ஜல்லியை இழுத்துச் சமன் செய்யும் பாக்ஸ் பிளேடுக்குப் ‘பெட்டிப் பரம்பு’ என்று ஒருவர் சொன்னது மிக நன்றாக இருக்கிறது. சேற்று வயலைச் சமன் செய்யும் பரம்புப் பலகையும் இதுவும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. லோடர் வாளியைத் தரையில் படியவிட்டுப் பின்னோக்கி வந்து ஜல்லியை நிரவுவதற்குப் ‘பின்பரம்பு’ என்பதையும் அப்படியே ஏற்றுக்கொள்ளலாம்.

நிற்பது ‘காம்பாக்‌ஷன்’ மட்டும்தான். மண்ணையோ ஜல்லியையோ இடைவெளி குறைய நெருக்கிக் கெட்டியாக்கும் இந்தச் செயலுக்கு அழுத்தம், இறுக்கம், கெட்டிப்படுத்தல் என மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. மூன்றுமே போதாது என்று நினைக்கிறேன். தரையைக் குத்திக் கெட்டியாக்கும் கட்டையின் பெயரான ‘திமிசு’ என்ற சொல்லை முன்வைக்கிறேன்.

முதலில் ‘இறுக்கம்’. வேளாண் நூல்களில் ‘மண் இறுக்கம்’ ஏற்கெனவே வேரூன்றிவிட்டது. ஈர வயலில் கனமான வண்டி ஓடினால் மண்ணின் துளைகள் மூடிக்கொள்ளும், வேர் இறங்காது, நீர் தேங்கும். அது ஒரு கேடு. நண்பர் எழுதும் கையேட்டில் ஒரு பக்கத்தில் ‘ஈர வயல் வழியாக ஜல்லியை ஏற்றிவராதீர்கள், இறுக்கம் உண்டாகும்’ என்று வரும். அடுத்த பக்கத்தில் ‘தரைக்கு நன்றாக இறுக்கம் கொடுங்கள்’ என்று வரும். டிராக்டரும் அதே, சக்கரமும் அதே. ஓர் இடத்தில் தவிர்க்க வேண்டியது, இன்னோர் இடத்தில் பாடுபட்டுச் செய்ய வேண்டியது. படிப்பவர் தடுமாறுவார். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் இருக்கிறது என்பதற்காக நாமும் அந்தக் குழப்பத்தை வாங்கிக்கொள்ள வேண்டியதில்லை.

‘அழுத்தம்’ இன்னும் மோசம். இதை என் சொந்த அனுபவத்தில் சொல்கிறேன். ஆறு மீட்டருக்கு ஒன்பது மீட்டர் கொட்டகை ஒன்றுக்கு நானே தரை போட்டேன். கையில் இருந்த குறிப்பில் ‘ஜல்லியைப் பரப்பி நன்கு அழுத்தவும்’ என்று ஒரே வரி. பதினைந்து சென்டிமீட்டர் கனத்துக்கு ஜல்லியை ஒரேயடியாகக் கொட்டி நிரவினேன். டிராக்டரை முன்னும் பின்னுமாக அரைநாள் ஓட்டினேன். மேலே காலால் உதைத்துப் பார்த்தால் கல்போல் இருந்தது. பாரம் ஏற்றிய டிரெய்லர் முதல்முறை உள்ளே வந்தபோது இரண்டு சக்கரத் தடமும் உள்வாங்கிவிட்டன. மேல் ஐந்து சென்டிமீட்டர்தான் கெட்டியாகியிருந்தது, கீழே எல்லாம் பொலபொலவென்று கிடந்தது. முழுவதையும் வாரி வெளியே போட்டு, ஏழெட்டு சென்டிமீட்டர் கனத்தில் இரண்டு முறையாகத் திரும்பப் போட்டேன். ‘அழுத்து’ என்ற சொல், மேலிருந்து பாரம் வைத்தால் போதும் என்று எண்ண வைக்கிறது. இது படைபடையாக, அதாவது அடுக்கடுக்காகச் செய்கிற வேலை என்ற எண்ணமே அதிலிருந்து வருவதில்லை.

திமிசு என்றால் அந்த வேலை கண்முன் வந்துவிடும். திமிசுக்கட்டை பிடித்தவருக்குத் தெரியும்: கொஞ்சம் கொட்டி, நீர் தெளித்து, குத்தி, ஓசை மாறும்வரை குத்தி, அப்புறம்தான் அடுத்த படை. ‘திமிசு போட்டாச்சா?’ என்று கேட்டால் இவை எல்லாம் நடந்ததா என்றுதான் பொருள்.

இனி, இந்தச் சொல்லை முன்பு சொன்னபோது வந்த மறுப்புகள். திமிசு கருவியின் பெயர், செயலின் பெயர் அல்ல என்றார் ஒருவர். பரம்பும் கருவிதான், பரம்படித்தல் செயலாயிற்று. திமிசு போடுதலும் அப்படியே. இன்னொருவர், தெலுங்கிலும் இதற்கு உறவான சொல் உண்டு, தூய தமிழ்ச்சொல் தேடலாமே என்றார். சொல் எங்கிருந்து வந்தது என்பதைவிட, தரை போடுகிறவர் வாயில் அது இருக்கிறதா என்பதே எனக்கு முக்கியம். கொத்தனார் வாயில் இருக்கிற சொல்லை விட்டுவிட்டு யாரும் பேசாத ஒன்றைப் புதிதாகக் கட்டினால், கையேடு படிக்கப்படாமல் கிடக்கும்.

மூன்றாவது மறுப்பு கட்டுமானப் பொறியாளர் நண்பருடையது. அது உண்மையிலேயே யோசிக்க வைத்தது. திமிசு என்றால் மேலிருந்து இடிப்பது. உருளையும் சக்கரமும் இடிப்பதில்லையே என்றார். சரிதான். ஆனால் பொறியியலே இந்தச் செயலை நான்கு வகையாகப் பிரிக்கிறது: இடித்தல், அதிர்த்தல், உருட்டி நசுக்குதல், பிசைதல். ஆகவே திமிசைப் பொதுச்சொல்லாக வைத்து, முன்னே அடைமொழி சேர்க்கலாம். கட்டையால் குத்துவது இடித்திமிசு. நிமிடத்துக்குச் சில ஆயிரம் முறை துடிக்கும் தட்டு எந்திரம் செய்வது அதிர்வுத் திமிசு. வழவழப்பான இரும்பு உருளை செய்வது உருட்டுத் திமிசு. குமிழ்கள் துருத்திய ஆட்டுக்கால் உருளையும் காற்றடைத்த சக்கரங்களும் செய்வது மிதித்திமிசு. டிராக்டர் டயர் இந்தக் கடைசி வகை. ஆள் மிதித்து மண் பிசைவதைப் பார்த்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம்.

ஒரே கொட்டகையில் இவற்றில் மூன்று வகைத் திமிசு தேவைப்படும் என்பதையும் சொல்ல வேண்டும். டிராக்டர் போன தடத்திலேயே போகும், எனவே ஒவ்வொரு நடைக்கும் அரைச் சக்கர அகலம் தள்ளி ஓட்ட வேண்டும். சுவரோரத்திலும் தூண்களைச் சுற்றியும் சக்கரம் நெருங்காது, நெருங்கவும் கூடாது. அங்கே தட்டு எந்திரம். அதுவும் நுழையாத மூலையில் பழைய கட்டையேதான். (மூடிய கொட்டகைக்குள் எஞ்சின் ஓடும்போது எல்லாக் கதவும் திறந்திருக்க வேண்டும் என்பதைக் கையேட்டில் தனி வரியாகப் போடும்படி நண்பரைக் கேட்டுக்கொள்கிறேன். புகை உயிரையே எடுத்துவிடும்.)

அடுத்து, ஒரு சொல் நின்றால் அதன் குடும்பமும் நிற்க வேண்டும். 1933-இல் ரால்ஃப் பிராக்டர் என்ற பொறியாளர், ஒவ்வொரு மண்ணுக்கும் அது மிக நெருக்கமாக அமரும் ஓர் ஈர அளவு உண்டு என்பதைச் சோதனை முறையாக வகுத்துக் காட்டினார். காய்ந்திருந்தால் மணிகள் உரசி முரண்டு பிடிக்கும். ஈரம் மிஞ்சினால் இடைவெளியை நீர் பிடித்துக்கொண்டு மணிகளை நெருங்க விடாது. இடைப்பட்ட அந்த அளவை ‘உகம ஈரப்பதம்’ என்று எழுதிவருகிறோம். ‘திமிசுப்பதம்’ என்றால் என்ன? பாகுக்கும் பதம் உண்டு, உழவுக்கும் பதம் உண்டு, இதற்கும் இருக்கட்டும். பொடி கலந்த ஜல்லியைக் கைப்பிடி எடுத்துப் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் நீர் கசியக் கூடாது. அதுதான் திமிசுப்பதம்.

கொட்டும்போது இருக்கும் கனம் திமிசுக்குப் பிறகு இறங்கிவிடும் அல்லவா, அதைத் ‘திமிசு இறக்கம்’ எனலாம். ஐந்தில் ஒரு பங்கு இறங்கும் என்று வைத்துக்கொண்டால், என் கொட்டகையில் பதினைந்து சென்டிமீட்டர் தரை நிற்க 8.1 கன மீட்டர் வேண்டும், வரவழைக்க வேண்டியது ஏறக்குறைய 10.

‘கன்சாலிடேஷனையும்’ திமிசில் அடக்கலாமே என்று கேட்டிருந்தார்கள். வேண்டாம். திமிசு போடும்போது மண்ணின் துளைகளிலிருந்து வெளியேறுவது காற்று, அது உடனே நடக்கிறது. கன்சாலிடேஷனில் நிலையான பாரத்தின் கீழ் நீர் மெல்லக் கசிந்து வெளியேறுகிறது, களிமண்ணில் ஆண்டுக்கணக்கில்கூட ஆகும். மண் பொறியியலாளர் கார்ல் தெர்சாகி 1925-இல் விளக்கியது இதைத்தான். அதற்குக் ‘கசிந்திறுகல்’ பொருந்தும்.

கல் பற்றி ஒரு வார்த்தை. கையேட்டில் சில இடங்களில் ‘கூழாங்கல்’ என்றும் சில இடங்களில் ‘ஜல்லி’ என்றும் மாறிமாறி வருகிறது. இது வெறும் நடைப் பிழை இல்லை. உடைத்த கல்லின் முனைகள் ஒன்றையொன்று கவ்விக்கொள்வதால்தான் தரை நிற்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்துக்காரர் மெக்காடம் சாலை போட்ட முறையே இதன்மேல் நின்றது. உருண்டைக் கல்லுக்கு எத்தனை திமிசு போட்டாலும் உருண்டுகொண்டேதான் இருக்கும். கீழ்ப்படைக்கு 40 மில்லிமீட்டர் ஜல்லி, மேற்படைக்குப் பொடியோடு சேர்ந்த 20 மில்லிமீட்டர் ஜல்லி என்று தெளிவாக எழுதிவிடலாம். அந்தப் பொடிக்கு ‘நுண்துகள்’ எல்லாம் தேவையில்லை, பொடி என்றே இருக்கட்டும்.

எனக்கே முடிவு தெரியாத ஒன்று மிச்சம் இருக்கிறது. ஒரு திமிசுக்கு ஒருமுறை பரப்பும் கனத்தை ஆங்கிலத்தில் ‘லிஃப்ட்’ என்கிறார்கள். மேலே நான் ‘படை’ என்றே எழுதிவந்தேன். செங்கல் கட்டில் ‘வரி’ என்கிறோமே, அது இங்கே பொருந்துமா? தரைவேலை செய்து பழகியவர்கள் யாராவது சொல்லுங்கள்.