விலக்கச் சொல்லியும் கிட் விலக்காத கோப்புறை

கேள்வி, சுங்கை சிப்புட்:
வணக்கம். தோட்டத்துச் செம்பனைக் குலைகளின் எடையைப் பதியும் செயலி ஒன்றை எழுதி, அதன் மாற்றங்களைக் கிட் என்ற மென்பொருளில் பதிந்து வருகிறேன். செயலிக்கு வேண்டிய நூலகங்கள் இருக்கும் நோட்_மாட்யூல்ஸ் கோப்புறையின் பெயரை, கிட் விலக்க வேண்டியவற்றைப் பட்டியலிடும் .கிட்இக்னோர் கோப்பில் எழுதிய பின்னும், நூலகங்களைப் புதுப்பிக்கும்போதெல்லாம் அதன் கோப்புகள் கமிட்டில் (மாற்றப் பதிவில்) சேர்ந்துவிடுகின்றன; இங்குள்ள இணைய வேகத்தில் அவற்றை மேலேற்றுவதற்குள் பொழுது சாய்ந்துவிடுகிறது. எங்கே தவறினேன்?

பதில் 1:
தம்பி, கிட் இதுவரை கண்காணிக்காதவற்றை மட்டுமே அந்தக் கோப்பு விலக்கும். முன்பே சேர்த்துவிட்டதை அது தொடாது. ‘கிட் ஆர்எம் -ஆர் --கேச்ட் நோட்_மாட்யூல்ஸ்’ என்று கட்டளையிட்டுக் கமிட் செய்தால், கோப்புறை உங்கள் கணினியில் அப்படியே இருக்க, கண்காணிப்பிலிருந்து மட்டும் நீங்கும். ‘--கேச்ட்’ என்பதை விட்டுவிட்டால் கணினியிலிருந்தும் அழிந்துவிடும். நான் ஒருமுறை அப்படி அழித்துவிட்டு, இரவெல்லாம் மறுபடி பதிவிறக்கிக்கொண்டிருந்தேன்.

பதில் 2:
அண்ணன் சொன்னது சரியே. ஆயினும் பழைய கமிட்டுகளில் அக்கோப்புறை தங்கியிருப்பதால் களஞ்சியத்தின் (நிரலும் அதன் மாற்ற வரலாறும் சேர்ந்த சேமிப்பின்) அளவு குறையாது. ‘கிட்-ஃபில்டர்-ரெப்போ’ என்ற கருவியைக் கொண்டு வரலாற்றைத் திருத்தலாம். ஆனால் கமிட் அடையாளங்கள் மாறிவிடுவதால், உடன் எழுதுவோர் அனைவரும் களஞ்சியத்தைப் புதிதாக நகலெடுக்க நேரும். தனியாக எழுதுகிறீர்கள் என்றால் தாராளமாகச் செய்யுங்கள்.

கேட்டவர்:
நீங்கிவிட்டது, அண்ணா. பேக்கேஜ்-லாக் கோப்பையும் விலக்கிவிடலாமா?

பதில் 1:
கூடாது. நூலகங்களின் துல்லியமான பதிப்புகளை அதுவே குறித்து வைக்கிறது. அது களஞ்சியத்திலேயே இருக்கட்டும்.